மாற்றுச் சாவி

மோட்டார் சைக்கிளில் வெளியூர் போகிறவன் இன்னொரு சாவியை எங்கே வைத்துக்கொள்வது என்று பீரோப் பட்டறை வைத்திருக்கும் பீரோக்காரரிடம் கேட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். பையில் வைக்கலாமா? பை வண்டிப் பெட்டிக்குள் இருக்கும், பெட்டி பூட்டியிருக்கும். சீட்டுக்கு அடியில்? சீட்டைத் திறக்கவே அந்தச் சாவிதான் வேண்டும், மேதாவி. மட்கார்டுக்கு அடியில் கம்பி போட்டுக் கட்டினால்? நீ யோசிக்கிற இடமெல்லாம் திருடனும் யோசித்திருப்பான், அவனுக்கு அதுதான் பிழைப்பு. இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டினால்? அதற்கு எதற்கடா இரண்டு சாவி? இப்படி ஒவ்வொன்றையும் வெட்டித் தள்ளிவிட்டுக் கடைசியில் தீர்ப்பைச் சொல்வார். "உன் சாவி உன்கிட்ட இருக்கக் கூடாது. கூட வர்றவன்கிட்ட இருக்கணும். அவன் சாவி உன்கிட்ட இருக்கணும்."

கூட வருகிறவர் எப்போதும் சகலைதான். பீரோக்காரருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவர். செராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எதற்கும் அவசரப்பட மாட்டார், எதையும் ஞாபகத்திலும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே நிறத்தில் வண்டி எடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு சாவி, ஒவ்வொன்றிலும் எண் பொறித்த சின்னத் தகடு. "இந்த நம்பரைப் பார்த்து எவன் வேணாலும் கள்ளச் சாவி போட்டுடுவான்" என்று சொல்லி, பீரோக்காரர் நான்கு தகடுகளையும் அந்த மேசையிலேயே பிய்த்து எறிந்தார். அங்கேயே ஆளுக்கொரு சாவியை மாற்றிக்கொண்டார்கள்.

பீரோக்காரர் தன் பெல்ட்டின் உள்பக்கம் தோலை வைத்து ஒரு குட்டி அறை தைத்துச் சகலையின் சாவியை அதில் வைத்தார். குளிக்கும்போதுதான் அந்த பெல்ட் அவர் இடுப்பை விட்டு இறங்கும். நாலு வருஷம் கழித்து அதே அறைக்குள் இன்னொரு சாவியும் வந்து சேர்ந்தது. அது அவர் வீட்டுப் பீரோவின் சாவி.

அந்தக் கதை கொஞ்சம் அசிங்கமான கதை. அவருக்கு ஒரே மகள், நர்ஸ். அவளுக்கு ஒருவனைப் பிடித்துப்போய், அப்பா சம்மதிக்காததால் பதிவு செய்து கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போன வேகத்தில் படிப்புச் சான்றிதழ்களை விட்டுவிட்டுப் போனாள். அவை பீரோவுக்குள் இருந்தன. கேட்டு போன் செய்தபோது மனுஷன் சொன்ன பதில்: "பீரோ சாவி தொலைஞ்சு போச்சும்மா. தேடிக்கிட்டு இருக்கேன்."

ஊரில் பாதிப் பீரோ அவர் பட்டறையில் செய்தது. ஒரு கம்பியை வளைத்து எந்தப் பீரோவையும் ஒரு நிமிஷத்தில் திறந்துவிடுவார். அவர் வீட்டுப் பீரோவுக்குச் சாவி தொலைந்துவிட்டதாம். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. மாதம் ஒருமுறை போன் செய்து, "சாவி கிடைச்சுதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவரும் இடுப்பைத் தடவிக்கொண்டே, "இன்னும் இல்லம்மா" என்பார். அவள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கேட்பது நின்றுவிட்டால் போனும் நின்றுவிடும் என்ற பயம். இதைப் பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சித்தப்பா கடையில் முன்பு எடுத்த நகல்களை வைத்தே அவள் இரண்டு வருஷம் ஓட்டினாள். பிறகு வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே ஒரிஜினல் காட்ட வேண்டும். போன வாரம் கடைசியாக போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை கிளம்புறேன். வழியில பெரிய பஸ் நிலையத்துல நாலு மணிக்கு அரை மணி நேரம் பஸ் நிக்கும். கொண்டு வந்தா வாங்கிக்கிறேன். உங்களையும் பார்த்துக்கிறேன். வரலைன்னா இனிமே கேட்க மாட்டேன்."

அன்று முழுக்க அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி முன்னமே தனியாகப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தவள். "கொடுத்துட்டு வாங்க. வாயத் திறக்காதீங்க, அது போதும்" என்றாள். பீரோ திறந்தது. சான்றிதழ்கள் இருந்த, அரக்கு முத்திரை போட்ட உறை வெளியே வந்தது. இனி அதற்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று முடிவு செய்து, வண்டியின் பக்கவாட்டில் அவரே அடித்து மாட்டியிருந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டிக்கும் வண்டிச் சாவியேதான் சாவி. அப்படித்தான் பூட்டுப் போட்டிருந்தார். உள்ளேயிருந்து முடுக்கிய போல்ட்டுகள், மூன்று மில்லி தகடு. தனியாகப் போனால் வாய் நீளும் என்று சகலையையும் கூட்டிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தின் முனையில் ஒரு பஞ்சர் கடை. வண்டியை அங்கே நிறுத்தி, கைப்பிடியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாலத்துச் சுவரில் சாய்ந்து தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பீரோக்காரர் குனிந்து பார்த்தார். ஆறு வருஷமாக ஊருக்கெல்லாம் சாவி உபதேசம் செய்தவர் சட்டைப்பையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சாவி ஒரு தரம் மின்னியது, தண்ணீருக்குள் போய்விட்டது.

அவர் பதறவில்லை. இதற்காகத்தானே அந்த ஏற்பாடு? பெருமையாகவே திரும்பிக் கையை நீட்டினார். "சகலை, என் சாவிய எடு."

சகலை சட்டைப்பையைத் தொட்டார். பேண்ட்டைத் தொட்டார். பிறகு தலையைச் சொறிந்தார். "வீட்டுல இருக்கு சகலை."

"வீட்டுலயா?"

"டிவிக்குப் பக்கத்துல ஒரு டப்பாவுல. நீங்க எங்க தொலைக்கப் போறீங்கன்னு..."

"எத்தனை நாளா?"

"வாங்கின நாள்ல இருந்து."

ஆறு வருஷம். எத்தனை மலை, எத்தனை காடு. சகலையின் சாவி இடுப்பை அறுத்துத் தழும்பே விழுந்திருக்கிறது. அவருடைய சாவியோ டிவி பார்த்துக்கொண்டு வீட்டில் சுகமாக இருந்திருக்கிறது. பீரோக்காரர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். சகலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "என் வண்டியில ஏறுங்க. முதல்ல பொண்ணப் பாருங்க, மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்றார்.

நல்ல யோசனை. பீரோக்காரர் கேட்டாரா? "ரெண்டு வருஷம் இழுத்தடிச்சிட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்கச் சொல்றியா? போய் சாவிய எடுத்துட்டு வா. ஒரு மணிக்குள்ள வந்தா நாலு மணிக்குப் போயிடலாம்." சகலை வண்டியைத் திருப்பினார். பீரோக்காரர் ஒரு கம்பியை வளைத்துப் பெட்டிப் பூட்டில் விட்டுப் பார்த்தார்; பீரோப் பூட்டைத் திறக்கிற வித்தை வண்டிப் பூட்டிடம் பலிக்கவில்லை.

பஞ்சர் கடையை நடத்தியது ஐம்பது வயதுப் பெண். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வந்தாள். "வயரை இணைச்சு வண்டியக் கிளப்புறதெல்லாம் எனக்குத் தெரியாது. பெட்டிய வேணா நெம்பிப் பார்க்கிறேன்" என்று டயர் நெம்புகிற கம்பியை மூடியின் இடுக்கில் விட முயன்றாள். இடுக்கே இல்லை. சுத்தியலால் அடித்தார்கள். உளி வைத்து அடித்தார்கள். பெயிண்ட் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது.

"யாருங்க செஞ்சது இதை?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"நான்தான்."

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள் அவள். கிண்டலில்லை, மனதாரத்தான் சொன்னாள். வாழ்நாளில் அவருக்கு இவ்வளவு கசந்த பாராட்டு வேறு கிடைத்ததில்லை.

பதினொன்றரைக்குச் சகலை போன் செய்தார். வீடு பூட்டியிருக்கிறதாம். வீட்டுச் சாவி மனைவியிடமாம், அவள் வேலைக்குப் போயிருக்கிறாளாம். வாங்கப் போகிறாராம். பன்னிரண்டரைக்கு இன்னொரு போன். டப்பா இருக்கிறதாம், அதில் வண்டிச் சாவி இல்லையாம். ஒரு மணிக்கு இன்னொன்று. தையல் மெஷின் டிராயரில் கிடைத்துவிட்டதாம். பீரோக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் ஐந்து மணிக்கு முன்னால் அந்த பஸ் நிலையத்துக்குப் போக வழியில்லை. பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்கு போன் போட்டார்.

"அம்மா, நான் வழியில நிக்கிறேன். வண்டிச் சாவி ஆத்துல விழுந்துடுச்சு."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சலுக்கு நடுவே மகளின் குரல் வந்தது.

"சாவியா?" என்றாள்.

"ஆமாம்மா. சட்டைப்பையில இருந்துச்சு, குனிஞ்சேன். உன் சர்டிபிகேட் எல்லாம் பெட்டிக்குள்ளதான் இருக்கு, பூட்டியிருக்கு..."

அவள் சிரித்தாள். இரண்டு வருஷமாக அவர் கேட்க ஏங்கிய சிரிப்பு, இப்படியா கேட்க வேண்டும்? "அப்போ பீரோ சாவி. இன்னைக்கு வண்டிச் சாவி. வேற ஏதாவது சொல்லக் கூடாதாப்பா? பஞ்சர்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்."

"சத்தியமாச் சொல்றேன். இங்க பஞ்சர் கடைக்காரம்மா இருக்காங்க, வேணும்னா அவங்கள..."

"சாட்சி வேறயா?" அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "இனிமே தேடாதீங்கப்பா. எதையும் தேட வேண்டாம். நான் நகலை வச்சே அங்க கேட்டுக்கிறேன். உடம்பப் பார்த்துக்கோங்க."

வைத்துவிட்டாள். ஆயிரம் பொய்யை நம்பியதுபோல் நடித்த பெண், அவர் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பஞ்சர் கடைக்காரம்மா ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

இரண்டரைக்குச் சகலை வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மன்னிச்சுக்குங்க சகலை" என்று சாவியை நீட்டினார். பீரோக்காரர் வாங்கி வண்டியில் நுழைத்தார். நுழைந்தது. திரும்பவில்லை. பெட்டியில் போட்டார், அதிலும் திரும்பவில்லை. துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்.

"வேற ஏதோ சாவியத் தூக்கிட்டு வந்திருக்க."

"இல்ல சகலை, இதேதான். அந்தக் கறுப்புப் பிடி..." சகலை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஏன் என்று அவருக்கே தெரியாமல், தன் வண்டியிலிருந்த சாவியை உருவிவிட்டு இதை நுழைத்துத் திருப்பினார். விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினார், வண்டி உறுமியது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கடை மேசையில் தகடு பிய்த்துப் போட்ட நான்கு சாவிகள் ஒன்றுபோல் கிடந்தது பீரோக்காரருக்கு நினைவு வந்தது. இரண்டு சாவியையும் மூன்று முறை போட்டுப் பார்க்காமல் ஒரு பீரோவைக்கூட அவர் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. தன் வண்டிக்கு அதைச் செய்யவில்லை. மாற்றிக்கொண்டதாக நினைத்து, அவனவன் சாவியை அவனவனே கொண்டுபோயிருக்கிறான்.

மெதுவாக பெல்ட்டை அவிழ்த்தார். தோல் அறையிலிருந்து அந்தச் சாவியை விரலால் நெம்பி எடுத்தார். ஆறு வருஷ வியர்வையில் அது மங்கிப்போயிருந்தது. பெட்டியில் வைத்துத் திருப்பினார். புத்தம் புதுப் பூட்டு மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது. உள்ளே உறை, வைத்தது வைத்தபடி இருந்தது. பத்தேகாலுக்கு இதைச் செய்திருந்தால் மகள் இறங்குவதற்கு முன்னால் பஸ் நிலையத்தில் போய் நின்றிருப்பார்.

சகலைக்குக் கண் கலங்கிவிட்டது. "போன் போட்டுச் சொல்லுங்க. சாவி கிடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க. கூரியர்ல அனுப்பிடலாம்."

பீரோக்காரர் போனை எடுத்தார். மகளுடைய எண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க இருந்துச்சுன்னு கேட்பா சகலை" என்றார்.

சகலையின் கண் அவிழ்த்த பெல்ட்டுக்குப் போனது.

"அன்னைக்கும் என் இடுப்புலதான் இருந்துச்சு. இன்னைக்கும் என் இடுப்புலதான் இருந்துச்சு. இதை நான் எப்படி அவகிட்டச் சொல்லுவேன்?"