ஸ்வீனிக் குலத்துத் தண்ணீர்

அயர்லாந்தில் எங்கள் ஊரான ராத்முல்லனில் ஸ்வீனி என்ற குடும்பப் பெயரோடு பிறந்தவர்கள் கூடவே ஒரு கேலியையும் சுமந்தாக வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலேயரிடம் போரில் தோற்ற ஓநீல், ஓடானல் குலத் தலைவர்கள் எங்கள் ஸ்விலிக் கழிமுகத்தில்தான் கப்பலேறினார்கள். அப்புறம் அவர்கள் அயர்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. கப்பல் புறப்படுமுன் தண்ணீரும் விறகும் எடுக்கக் கரையிறங்கிய ஆட்களை, இந்தப் பக்கத்து ஸ்வீனிக் குலத்தார் அடித்து விரட்டினார்கள். அதை ஊர் இன்னும் மறக்கவில்லை. மதுக்கடையில் ஒரு ஸ்வீனி குடிக்கத் தண்ணீர் கேட்டால், "மொதல்ல மத்தவங்களுக்குக் குடுத்துட்டுக் குடி" என்று எவனாவது சொல்லாமல் இருக்க மாட்டான்.

ஈத்னா ஸ்வீனி இந்தக் கேலியைக் கேட்டே வளர்ந்தவள். மீன் பண்ணையில் படகு ஓட்டுகிறாள். குள்ளம்தான், ஆனால் அவள் குரல் அக்கரைக்குக் கேட்கும். எங்கள் துடுப்புப் படகுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. நான் ஹ்யூகி, பஸ் ஓட்டுகிறவன். அவள் படகில் எனக்கும் ஒரு துடுப்பு உண்டு.

தலைவர்கள் நாடு நீங்கிய நாளை ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடகமாக நடித்துக் கொண்டாடுவோம். அந்த ஆண்டு விழா பெரியது. அன்று கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள் ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஒரு பாய்மரக் கப்பலில் வருவதாக ஏற்பாடு. மேனஸ் டெவெனியின் மதுக்கடையில் கூடி வேடங்களைப் பிரித்தோம். விழாக் குழுத் தலைவரும் மேனஸ்தான், நாடகத்தில் ஓநீல் வேடமும் அவருக்குத்தான்.

"ஈத்னா, உனக்கு ஒத்திகையே வேண்டாம்" என்றார் மேனஸ். "கல்லெறியறது உங்க ரத்தத்துலயே ஊறினது."

"எறியறேன், மேனஸ். நல்லா குறி பாத்தே எறியறேன். ஓநீலா நிக்கப் போறது நீதானே?"

கடையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கல்லெறிஞ்சு முடிச்சதும் எங்க படகுல தண்ணி ஏத்திக்கிட்டுக் கப்பலுக்குப் போவேன்" என்றாள்.

"அப்படி நடக்கலையேம்மா. நடந்ததைத்தானே காட்டறோம்?"

"நடந்ததையும் காட்டு, யாரு வேணாம்னா? ஆனா எங்க ஆளுங்க ஏன் அடிச்சாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? தலைவருங்க எங்கள விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டாங்க. அதுக்கப்புறம் சிப்பாய்ங்க வந்து நின்னது யாரு வாசல்ல? எங்க வாசல்லதான். நெலம் போச்சு. நம்ம பாஷையப் பேசினா அடி விழுந்துச்சு. அப்பவும் நாங்க போகல. இன்னிக்கும் இங்கதான் இருக்கோம்." கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்குக் கோவத்துல குடுக்காத தண்ணிய இப்ப நாங்களாக் குடுக்கப் போறோம். மன்னிப்புக் கேக்கறதுக்கு இல்ல. வீட்டுக்காரங்க வந்தவங்களுக்குக் குடுப்பாங்களே, அந்த மாதிரி."

மேனஸ் மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, பாக்கலாம்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு 'முடியாது' என்றுதான் பொருள்.

விழாவுக்கு முதல் நாளே கப்பல் வந்து கழிமுகத்தின் நடுவே நங்கூரம் பாய்ச்சியது. மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தது. கரையில் நாடகம் நடந்தது. ஈத்னா சொன்னபடியே எறிந்தாள். கடற்பஞ்சில் செய்த கல்தான், ஆனாலும் மேனஸின் தொப்பி பறந்தது. நண்பகலில் வாடைக்காற்று கிளம்பிவிட்டது. கழிமுகத்து நீர் வற்றி வடக்கே கடலுக்கு வடிய, காற்று அதை எதிர்த்து வீச, அலைகள் சுவர் சுவராக எழுந்தன. விருந்தினரைக் கரைக்கு அழைத்துவர இருந்த மோட்டார் படகுகள் போகாது என்று அறிவித்தார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் கப்பலிலிருந்தே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்று ஆனது. கரையில் நின்ற கூட்டம் அப்படியே வாடிப்போனது.

ஈத்னா எங்கள் ஆறு பேரையும் பார்த்தாள். பாழடைந்த மடத்துக்குப் பின்னாலிருக்கும் ஊற்றில் நிரப்பிய மரப்பீப்பாய் படகில் தயாராக இருந்தது.

"பயமா இருக்கறவங்க இப்பவே சொல்லிடுங்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. சிவப்பு வெல்வெட் அங்கியோடு மேனஸ் ஓடிவந்தார்.

"பைத்தியமாடி உனக்கு? விட்டுத் தொலை!"

"மீட்புப் படகு பின்னாடியே வருது, மேனஸ். மீன் பண்ணையில இதவிட மோசமான கடல்ல வேலை பாத்திருக்கேன். அங்கியத் தூக்கிப் புடி, நனையுது பாரு."

தள்ளினோம். முதல் அலையிலேயே படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. சுக்கானைப் பிடித்திருந்த ஈத்னா, "இழு! இழு!" என்று கத்திக்கொண்டே வந்தாள். எனக்கு அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் முன்பு பார்த்ததில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தபோது கப்பலின் நிழல் எங்கள் மேல் விழுந்தது.

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு பெண் கத்தினாள்: "யாரு நீங்க?"

"ஸ்வீனிங்க! தண்ணி கொண்டாந்திருக்கோம்!"

கப்பலில் இருந்தவர்களுக்கும் அந்தப் பழைய கதை தெரிந்திருந்தது.

"அடிக்க மாட்டீங்களே?"

"காலையிலயே அடிச்சு முடிச்சுட்டோம்!"

கப்பல் முழுக்கச் சிரிப்பு. கயிறு இறங்கியது. பீப்பாய் ஆடி ஆடி மேலேறியது. அந்தப் பெண் இரு கைகளாலும் ஏந்திக் குடித்தாள். கன்னம், கழுத்து எல்லாம் தண்ணீர். கையைக்கூடத் துடைக்காமல் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"நான் பேயாத்ரிஸ் காலகர். ஸ்பெயின்லேருந்து வர்றேன். எங்க ஆளுங்க சின்னப் படகுலதான் இந்தக் கரையை விட்டுக் கப்பலுக்குப் போனாங்க. என்னையும் சின்னப் படகுலயே கூட்டிட்டுப் போவீங்களா?"

"நீந்துவியா?"

"தீயணைப்புப் படையில இருக்கேன்."

"இங்க நெருப்பு எங்கடி இருக்கு? எல்லாம் தண்ணி."

"துடுப்பும் போடுவேன்!"

ஈத்னா என்னைப் பார்த்தாள். "ஹ்யூகி, எழுந்திரு."

உயிர்காப்புச் சட்டையோடு நூலேணியில் இறங்கியவளை, அலை படகைத் தூக்கிய நேரம் பார்த்துப் பிடித்து உள்ளே இழுத்தோம். என் இடத்தில் உட்கார்ந்தாள். நான் படகின் மூக்கில் மூட்டை மாதிரி ஒடுங்கிக்கொண்டேன். அவளுக்குத் துடுப்பு நன்றாகவே கைவந்தது. திரும்பும்போது அலை எங்களை முதுகில் கைவைத்துத் தள்ளியது. கரை நெருங்க நெருங்க, மணலில் நின்ற கூட்டத்தின் ஆரவாரம் காற்றையும் மீறிக் கேட்டது. படகு கவிழ்ந்துவிடுமோ என்று நான் கண்ணை மூடிய நேரத்தில் நாலாபக்கமும் கைகள் வந்து பிடித்தன. திறந்து பார்த்தால், மார்பளவு நீரில் மேனஸ் நின்றுகொண்டிருந்தார். வெல்வெட் அங்கி அவர் பின்னால் மிதந்தது. அவர்தான் பேயாத்ரிஸைக் கைகொடுத்து இறக்கினார்.

அவள் மணலில் காலை வைத்தாள். அங்கேயே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஈர மண்ணில் அழுத்தினாள். தோள் மட்டும் குலுங்கியது. ஈத்னா பக்கத்தில் போய் நின்றாள்.

மேனஸ் மேடையேறினார். எழுதி வைத்திருந்த உரை அங்கிப் பையில் கூழாகிக் கிடந்தது. எனவே அன்று கப்பலேறியவர்களின் குலப்பெயர்களை மனப்பாடமாகச் சொன்னார்: ஓநீல், ஓடானல், மக்வயர், காலகர். ஒவ்வோர் ஆண்டும் அதோடு முடித்துவிடுவார். அன்று முடிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார்.

"போகாதவங்க பேரையும் சொல்லணும்" என்றார். "ஸ்வீனி!"

ஈத்னா நிமிர்ந்தாள். அவள் வாய் திறக்குமுன் அவளுடைய தம்பியும், தம்பி மக்களும், ஊரெல்லாம் சிதறி நின்ற ஸ்வீனிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

"இருக்கோம்!"

"ஃப்ரீல்!" என்று அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

"இருக்கோம்!"

"டெவெனி!" என்று தன் குடும்பப் பெயரைச் சொன்னபோது மேனஸின் குரல் உடைந்துவிட்டது. அவருக்காக நாங்கள் எல்லோரும் பதில் சொன்னோம்.