சபை ஒப்புக்கொண்ட சிவப்பு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கலாரசிகர். ஊர் ஓவிய ரசிகர் சபை அவரைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய மனது பண்ணிவிட்டது. மனைவி சட்டையை இரண்டு முறை தேய்த்தாள். "நேத்து சபையில..." என்று ஆரம்பித்தே இரண்டு வருடமாக எல்லாருடைய சாப்பாட்டையும் ஆறவைத்த சகலைக்கு இனி குடும்பத்துக்குள்ளேயே போட்டி.

இடம் கிடைத்தது ரசனையால் அல்ல. போன மாதம் சபைத் தலைவர் கண் பரிசோதனைக்கு வந்திருந்தார். கடைக்காரர் நீட்டிய புள்ளிப் புத்தகத்தில் குழந்தைக்கும் தெரிகிற எண்கள் அவருக்குத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அந்தப் பெரிய மனிதருக்கு ஒன்றுதான். "வெளிய தெரிய வேணாம்," என்றவர் வாசல்வரை போய்த் திரும்பி, "நீங்க ஏன் நம்ம சபையில சேரக் கூடாது?" என்றார்.

ஞாயிறன்று சபையில் ஓர் ஓவியத்தை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு துணி. பச்சைத் துணி.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "இந்தச் சிவப்பு இருக்கே, இது கோபம் இல்ல. கோபம் ஆறின பிறகு மிச்சமிருக்கிற சிவப்பு."

பதினான்கு தலைகள் ஆடின. சகலையின் தலை கழன்று விழுந்துவிடும் போல ஆடியது.

"சார், அது பச்சைதானே?" என்றார் பின்வரிசையிலிருந்த தையல்காரம்மா. முப்பது வருடம் துணிக்கு நூல் ஜோடி சேர்த்தவர்.

"மேலோட்டமா பார்த்தா பச்சைதாம்மா," என்றார் சகலை. "சிவப்பு உள்ள இருக்கு."

தலைவர் சிரித்தார். "எதுக்கு வம்பு? கண்ணுக்குன்னே நம்மகிட்ட ஒருத்தர் வந்திருக்காரே. சொல்லுங்க சார், என்ன கலர்?"

எல்லாரும் திரும்பினார்கள். தலைவரின் வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் கெஞ்சியது. கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சிவப்புதான்."

கைதட்டல் எழுந்தது. அங்கேயே உறுப்பினர் அட்டையும் கிடைத்தது. தையல்காரம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே, நூல்கண்டுகள் நிறைந்த பையுடன் தையல்காரம்மா நின்றிருந்தார்.

"தம்பி, நல்லா பாருங்க. நேத்திலேர்ந்து நூல்ல கை வைக்கவே பயமா இருக்கு. மருமகளைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னேன். பேய் பிடிச்சவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கறா."

கடைக்காரர் ஒரு நூல்கண்டை எடுத்துக் காட்டினார். "இது?"

"பச்சை." பட்டென்று வந்தது பதில். பிறகு கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "இல்ல... சிவப்பா தம்பி?"

பச்சைதாம்மா, உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. சொல்ல எத்தனை நேரமாகும்? ஆனால், "அப்ப நேத்து நீங்களே சிவப்புன்னீங்களே?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் தலைவர் மானம் போகும், அட்டை போகும், சகலை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வாடிக்கையாளர்கள் ஃபிரேம் போட்டு அழகு பார்க்க மேசைமேல் வைத்திருந்த கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"வயசானா இப்படித்தாம்மா," என்றார், மேசையைப் பார்த்து.

பவரே இல்லாத மூக்குக்கண்ணாடி ஒன்றை அந்த அம்மாவுக்கு விற்றார்.