துடிப்பின் வால்

சிவப்பு டேப் ஒட்டிய பெட்டியில் சாக்கெட் ஆடுகிறது என்று சொல்லித்தான் அக்தர் பானு அதை வைத்துவிட்டுப் போயிருந்தாள். பத்து நிமிட வேலை. எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையில் சண்முகவடிவு சாக்கெட்டை இறுக்கிவிட்டு, மூடுவதற்கு முன் சும்மா ஒரு மின் துடிப்பை உள்ளே அனுப்பி ஆசிலோஸ்கோப்பின் திரையைப் பார்த்தாள். துடிப்பு எழுந்தது, இறங்கியது, கோட்டுக்குக் கீழே ஒரு முங்கு முங்கி, சிறிதாக மறுபடி தலைதூக்கி அடங்கியது.

அந்த வாலை அவளுக்குத் தெரியும். செம்பூரில் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷமாகப் பானு காகிதச் சுருள்களில் பதிந்து வைத்திருப்பது அதைத்தான். உப்பு நீரில் மிதக்கும் செல்கள் ஒரு ஊசித்துளை வழியாக ஒவ்வொன்றாகப் போகும்போது மின்சாரம் கொஞ்சம் தடைபடும். செல்லுக்கு ஒரு துடிப்பு. நல்ல செல்லின் துடிப்பு எழுந்து இறங்கிவிடும். புற்றுநோய்ச் செல்லின் துடிப்புக்கு மட்டும் வால் உண்டு. செல்லின் மேலுறையில் ஒரு புரதம் உருமாறியிருப்பதே அதற்குக் காரணம் என்பது பானுவின் ஆய்வு.

இப்போது செல் எதுவும் இல்லை. உப்பு நீர்கூட இல்லை. வால் மட்டும் இருந்தது.

வடிவு எழுந்து போய்க் கேன்டீனில் டீ வாங்கினாள். குடிக்காமல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பானுவின் மேஜையிலிருந்து பச்சை டேப் பெட்டியை எடுத்து வந்து அதே துடிப்பை அனுப்பினாள். வால் இல்லை. மறுபடி சிவப்பு. வால்.

இரண்டும் அவள் கையால் செய்த ஃபில்டர்கள். லைன் கரண்டின் இரைச்சலை வெட்ட ஒரு பெட்டி போதும் என்றுதான் அன்று சொன்னாள். பானு கேட்கவில்லை. செல் வளர்க்கிறவர்களுக்குக் கலப்படம் என்றால் அப்படி ஒரு பயம். நோய்ச் செல்லுக்குத் தனிக் குழாய், தனி ரப்பர் பல்ப், தனி அலமாரி. பெட்டியும் தனியாக வேண்டும்: நோய்ச் செல்லுக்குச் சிவப்பு, நல்ல செல்லுக்குப் பச்சை.

"என்னட்டி, கறிச்சட்டி, சைவச்சட்டி மாதிரியா?" என்று வடிவு கேலி செய்திருந்தாள்.

"உங்க வீட்டுல வெள்ளி செவ்வாய்க்குத் தனிச்சட்டி இல்லையாக்கும்? அதேதான்" என்றாள் பானு.

இரண்டாவதாகச் செய்த சிவப்புப் பெட்டிக்கு லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் அதே கண்டென்சர் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட அதே அளவில் வேறொரு ஜோடி. இரைச்சலை வெட்டுகிறதா என்று மட்டும் பார்த்தாள், வெட்டியது. ஒரு துடிப்பை அனுப்பிப் பார்க்க அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கலாம். பசியாக இருந்திருக்கலாம். அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் பானு வந்தாள். நாள் முழுவதும் கையுறைக்குள் இருந்த விரல்கள் ஊறிப்போய் வெளுத்திருந்தன.

"வடிவக்கா, பெட்டி ஆச்சா?"

"நாளைக்குத் தாரேன்."

"ஒரு சாக்கெட்டுக்கு ரெண்டு நாளா? கவர்மெண்டு வேலைன்னா இதான். டைப்பிங் முடிஞ்சு வந்துட்டு, தெரியுமா? புதன்கிழமை கைடு சுப்ரமணியன் சார் கையெழுத்துப் போட்டாருன்னா தீஸிஸ் சுருக்கம் யுனிவர்சிட்டிக்குப் போயிரும். அத்தாகிட்ட சொல்லிட்டேன், மார்ச் வரைக்கும் மாப்பிள்ளை பேச்சை எடுத்தா சீத்தா கேம்ப் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு. உம்மாதான் அழுவுது."

"மார்ச்சுக்குப் பிறகு?"

"பிறகு டாக்டர் அக்தர் பானு. அவ்வளவு சுளுவா யாரும் கூப்பிட முடியாது. உங்க பேரும் தீஸிஸ் உள்ள இருக்கு, நன்றியுரையில. மொத வரி."

வடிவு சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று பஸ் வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

சயான் வரைக்கும் உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. தாராவியில் வீட்டுக்கு வந்து அரிசியைக் களைந்தவள், களைந்ததை மறந்து இன்னொரு முறை களைந்தாள். இரண்டு கண்டென்சரை மாற்றிவிட்டால் பெட்டி சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் வால் காணாமல் போகும். பானு செல்லைச் சந்தேகிப்பாள், தன் கையைச் சந்தேகிப்பாள். மாற்றாமல் விட்டாலோ பானுவுக்குப் பட்டம் கிடைக்கும். இல்லாத புரதத்தை வேறு எவனாவது பத்து வருஷம் தேடுவான். பானுவுக்காகத்தான் இப்படி யோசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கும்போது தெரிந்தது, அந்த முதல் வரியில் இருக்கும் தன் பெயரைத்தான் அவள் அவ்வளவு நேரமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் பானுவுக்கு முன்பே போய்க் காத்திருந்தாள்.

"பானு, இன்னைக்குப் பெட்டியை மாத்திப் போடு. நல்ல செல்லுக்குச் சிவப்பு."

"அரே, விளையாடாதீங்க. கலந்துரும்."

"கரண்டுக்குத் தீட்டு கிடையாதுட்டி. போடு."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பானு போட்டாள். பதிவுக் கருவியின் பேனா காகிதத்தில் நகர்ந்தது. நல்ல செல்லின் துடிப்பு எழுந்தது, இறங்கியது, முங்கியது, தலைதூக்கியது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். பானு நோய்ச் செல்லை எடுத்துப் பச்சைப் பெட்டியில் ஓட்டினாள். துடிப்புகள் வாலில்லாமல் வரிசையாக வந்தன. காகிதம் தீரும்வரை ஓடவிட்டாள்.

"சிவப்புப் பெட்டியில கண்டென்சர் வேற" என்றாள் வடிவு. "என் தப்பு. நான் சரியா சோதிக்கல."

"எப்போ தெரியும்?"

"நேத்துக் காலையில."

"நேத்துச் சாயங்காலம் நான் வந்தேனே."

வடிவு சிவப்புப் பெட்டியின் வயரைக் கழற்றினாள்.

"கண்டென்சர் சரி, யாருக்கும் வாரதுதான். நானும் ஒரு தடவையாவது மாத்திப் பாத்திருக்கணும். என் புத்தி சட்டியிலயே நின்னுட்டு." பானுவின் குரல் தட்டையாக இருந்தது. "நேத்து நான் வாயாடிக்கிட்டு நின்னேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

சுருளைக் கிழித்து மடித்துக்கொண்டு அவள் கிளம்பினாள். கதவருகில் நின்று, "பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க. சார்கிட்ட நான் சொன்னா தப்பா சொல்லிருவேன்" என்றாள்.

தாழ்வாரம் நீளமாக இருந்தது. பானு முன்னால் போனாள், வேகத்தைக் குறைக்கவில்லை. சுப்ரமணியனின் அறை வாசலில்தான் திரும்பினாள். கண் சிவந்திருந்தாலும் அழவில்லை.

"நேத்து சொல்லாம இருந்ததையும் நீங்களே சொல்லணும்."

அதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் வடிவு வழியெல்லாம் தனக்குள் பேசி முடிவு செய்திருந்தாள்.

"சொல்லுதேன்" என்றாள்.

பானு கதவைத் தட்டினாள்.