இல்லாத சிலந்தி வலை

புனிதமலர் தும்புத்தடியை உயர்த்தி அந்தச் சிலந்தி வலையை மறுபடியும் தட்டினாள். அது விழவில்லை. வெள்ளைச் சுவரில் கறுப்பு நூலாய்த் தொங்கிக்கொண்டு, அவள் பார்வை போன பக்கமெல்லாம் தானும் கூடவே வந்தது. ஒரேத்தோ என்ற இத்தாலிய நகர்ப்பகுதியில் இந்த வீட்டைக் கூட்டித் துடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் தூசியிடம் தோற்றதில்லை. இன்றைக்கு இந்தச் சனியன் மட்டும் விளையாட்டுக் காட்டியது.

வாசலில் சிஞ்ஞோரா அகாத்தா நின்றார். குற்றம் கண்டுபிடிப்பதென்றால் இந்த வீட்டுக்காரிக்குச் சாப்பாடு தண்ணி வேண்டாம். கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் போதும், மத்தியானம்வரை பேச்சு ஓயாது. கோளாறு தன் கண்ணிலோ என்று புனிதமலர் அஞ்சினாள். கண் மங்கிய வேலைக்காரியை யார் வைத்திருப்பார்கள்?

"எதைத் தட்டுகிறாய்?"

"வலை, சிஞ்ஞோரா."

"அங்கே ஒன்றும் இல்லையே."

திட்டு விழுமென்று அவள் தலையைக் குனிந்தாள். சிஞ்ஞோராவோ கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினார். உனக்குச் சீனி வருத்தம் அல்லவா, கண்ணை எப்போது காட்டினாய் என்று கேட்டார். வருஷம் ஒருமுறை காட்டச் சொல்லியிருந்தார்கள்தான். நோகாத கண்ணுக்கு ஏன் ஒரு நாள் வேலையை விடவேண்டுமென்று புனிதமலர் போகவில்லை.

"என் கணவரும் இப்படித்தான், நடுக்குளிரில் இல்லாத ஈயை விரட்டினார். வைத்தியரிடம் போனபோது நேரம் கடந்துவிட்டது. கடைசிவரை என் கையைப் பிடித்துத்தான் நடந்தார்," என்றார் சிஞ்ஞோரா. "கோட்டைப் போடு. புறப்படு."

வைத்தியர் மருந்து விட்டு, கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். அவர் சொன்னதையெல்லாம் சிஞ்ஞோரா சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாகத் திருப்பிச் சொன்னார். இரத்தத்தில் சீனி கூடக்கூட, கண்ணின் பின்புறத்திலுள்ள மயிரிழைக் குழாய்கள் நைந்து கசியுமாம், அடைபடுமாம். அடைபட்ட இடத்துக்கு இரத்தம் கொண்டுபோகப் புதுக் குழாய்கள் முளைக்குமாம். அவை பலமில்லாதவை, சும்மாவே உடைந்துவிடும். அவள் தட்டிய வலை, அப்படி உடைந்து கசிந்த இரத்தத்தின் நிழல்.

வெளியே வந்ததும் புனிதமலர் கணவனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, கண்ணுக்கை ரத்தம் கசிஞ்சிருக்காம். அடுத்த கிழமை லேசர் அடிக்கினமாம்."

"ஐயோ மாதாவே! பார்வை?" ஸ்ரீபனின் குரல் உடைந்தது.

"காப்பாத்தலாமெண்டு சொல்லுறார். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டமாம்."

"ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"சிஞ்ஞோரா."

"அந்த மனிசியோ!"

"ஓம். அந்த மனிசிதான்."

மருந்து விட்ட கண்ணுக்குத் தெரு முழுவதும் கூசியது. கார்களும் ஆட்களும் வெளிச்சத்தில் கரைந்து போயினர். சிஞ்ஞோரா தன் கையை அவள் கைக்குள் கோத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தொட்டதில்லை. புனிதமலருக்கு நெஞ்சு நிறைந்தது. நன்றி சொல்ல வேண்டும். ஒரு கோப்பை தண்ணீருக்கும் சொல்லும் அந்த 'கிராட்சியே' இதற்குப் போதாது.

"நீங்கள் நல்லாயிருக்கோணும், அம்மா," என்றாள் தமிழில்.

சிஞ்ஞோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "படி," என்றார், பிடியை இறுக்கி. "இன்னும் ஒரு படி. காலைத் தூக்கி வை."

புனிதமலர் அந்த வெளிச்சத்துக்குள் காலைத் தூக்கி வைத்தாள்.