நடுச்சொல்லில் ஒரு மூச்சு

என் தம்பி கண்டக்டர். இதைச் சொன்னதும் "எந்த ரூட் பஸ்?" என்று கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. அவன் விசில் ஊதுபவன் இல்லை. ஓபரா அரங்கத்தில், மேடைக்குக் கீழே உள்ள குழியில் நின்று, குச்சியை அசைத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவன். நான் மேலே நின்று பாடுகிறவள்.

சின்ன வயதில் ரெக்கார்டைப் போட்டுவிட்டு, கண்ணாடி முன் நின்று கரண்டியை வீசுவான். அதில்தான் வினை. ரெக்கார்டு யாருக்காகவும் காத்திருக்காது. அவன் கை அதன் பின்னாலேயே ஓடிப் பழகிவிட்டது. இசைக்கல்லூரி வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "கை முன்னாடி போகணும், சத்தம் பின்னாடி வரணும். நீ நடத்துறியா, கூடப் போறியா?" திருந்திவிட்டான் என்றுதான் நினைத்தோம். அதற்குப் பிறகு வருடக்கணக்காக ஒத்திகையில் பியானோ வாசித்தான், பெரிய கண்டக்டருக்கு உதவியாளனாக அவர் கோட்டைக்கூடத் தூக்கிக்கொண்டு அலைந்தான். குச்சி மட்டும் கைக்கு வரவில்லை.

அன்று பெரியவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு, இன்று நன்றாக நடந்தால் மிச்ச நாள் காட்சிகளும் உனக்கே என்று சொல்லிவிட்டார். எனக்கும் அன்று பரீட்சைதான். 'அந்த அம்மாவுக்கு முன்ன மாதிரி மூச்சு நிக்கல' என்று ஆபீசில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வருட ஒப்பந்தம் இழுபறியில் கிடந்தது.

கடைசி அங்கம் வரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. பிறகு என்னுடைய மெதுவான பாட்டு வந்தது. எங்கள் வயலின்காரர்கள் எப்போதும் கை அசைந்து ஒரு நொடி கழித்துத்தான் வாசிப்பார்கள். அது அவர்கள் பழக்கம். தம்பிக்குப் பயம் வந்துவிட்டது. சத்தம் வரட்டும் என்று கையைப் பிடித்து வைத்தான். அவர்களோ அவன் கை அசையட்டும் என்று காத்தார்கள். வாசலில் நின்றுகொண்டு 'நீங்க முதல்ல', 'இல்ல, நீங்க' என்று மல்லுக்கட்டும் விருந்தாளிகள்தான் போங்கள். பாட்டு இழுத்தது, இன்னும் இழுத்தது. நான் கண்ணால் கெஞ்சினேன். அவன் இசைக்குறிப்பு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்த நீண்ட வரியில், ஒரு சொல்லின் பாதியில், எனக்கு மூச்சு அறுந்தது. சத்தம் போட்டு இழுத்துக்கொண்டேன். கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். என் மானம் கப்பலேறியது.

திரை விழுந்ததும் மேடை ஓரத்துக்கு வந்தேன். தம்பி குழியிலிருந்து ஏறி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த இடத்துல என்ன ஆச்சு?"

தம்பி கைக்குட்டையால் மறுபடி முகத்தை மூடித் துடைத்தான். காது மட்டும் சிவந்தது. தப்பு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பார்கள். வேகத்தைக் குறை சொல்லும் எந்தப் பாடகிக்கும் அந்தப் பழமொழிதான் பதில். அது ஒரு காரணம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும், அது இன்னொன்று.

"எனக்குத்தான் மூச்சு பத்தல" என்றேன்.

இப்போதாவது பேசுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் தோளில் கை வைத்தான்.

"பரவாயில்லக்கா. எல்லாருக்கும் வர்றதுதான்."

மேனேஜர் தலையாட்டினார். "தம்பிக்கு நல்ல மனசு. மேடம், நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

நாங்கள் வணக்கம் சொல்லத் திரை மறுபடி திறந்தது. கதாநாயகிதான் கண்டக்டரின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். ஓபராவில் அது சம்பிரதாயம். அழைத்துப் போனேன். அவன் வணங்கியதும் கூரை அதிரக் கை தட்டினார்கள். நான் வணங்கியபோது சத்தம் தணிந்து, பாவப்பட்டவர்களுக்குத் தட்டுகிற மாதிரி மெதுவாக ஒலித்தது. நிமிர்ந்து பார்த்தேன். தம்பியும் அவர்களோடு சேர்ந்து எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான்.