விரிப்பின் இரண்டு முனைகள்

ஈர விரிப்பின் ஒரு முனையைத் தில்டா பிடித்தாள், மறுமுனையைக் குன்வோர் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மேலே தூக்கிக் கொக்கிகளில் மாட்டினால், பெரிய இஸ்திரி உருளை அதை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் மடித்துத் தள்ளும். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம் இந்தச் சலவை ஆலைக்குத்தான் வரும். வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தது. உள்ளே வேர்த்து ஊற்றியது.

குன்வோரின் வலது கை மார்புக்கு மேல் எழும்பாது. இளவயதிலிருந்து தூக்கித் தூக்கித் தோள் தேய்ந்துபோயிருந்தது. ஆலை மருத்துவரிடம் காட்டினால் லாயக்கில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கோ இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதனால் அவள் பக்கத்து முனையையும் தில்டாவே எட்டித் தூக்கிவிடுவாள், திட்டிக்கொண்டே.

"உன் தோளையும் சேர்த்துச் சுமக்குறேன். எனக்கு ரெண்டு சம்பளம் வரணும்டீ."

"ஒரு சம்பளமே ஒழுங்கா வரட்டும், பேசாம தூக்கு."

இன்னொரு ஆள் வேண்டும் என்று இலையுதிர் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குப் பதிலாகப் பெர்னிலா வந்தாள். தலைமை அலுவலகத்தில் ஆள் திட்டமிடும் பிரிவாம். காப்பி வேளையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சிரித்த முகமாக விளக்கினாள்.

"எவ்வளவு வேலை இருக்கு, எத்தனை கை இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி. இதுதான் எங்க அடிப்படையே."

"இடைவெளிதானே? இதோ, என் முதுகுல இருக்கு" என்றாள் தில்டா. எல்லோரும் சிரித்தார்கள். பெர்னிலாவும் சிரித்தாள், குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் நிறுத்துகடிகாரத்தோடு உருளைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குன்வோரின் முகம் வெளுத்துப்போனது. தில்டா அவள் காதருகே குனிந்தாள்.

"நீ வண்டிக்கிட்ட நில்லு. முனையைத் தேடி எடுத்துக் குடு, போதும். கையை மட்டும் மேல தூக்கிடாதே."

அன்று முழுக்கத் தில்டா இந்தக் கொக்கிக்கும் அந்தக் கொக்கிக்கும் ஓடினாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. யார் செத்தாலும் காலைக் காப்பி நிற்காத ஆலை அது. அன்று அதையும் விட்டுவிட்டு ஓடினாள். வந்தவள் முன்னால் குன்வோர் தோற்றுப்போகக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. பெர்னிலா கடிகாரத்தை அமுக்கி அமுக்கித் தலையாட்டினாள்.

சில வாரங்கள் கழித்துக் காப்பி அறையில் பச்சை நிறக் கேக் ஒன்று இருந்தது. பிறந்தநாள் யாருக்கும் இல்லை. பிறந்தநாள் இல்லாமல் கேக் வந்தால் சேதி நல்லதில்லை என்று தில்டாவுக்குத் தெரியும். மேலாளர் ஹோகன் தொண்டையைச் செருமினான்.

"நல்ல சேதிதான். இங்க இடைவெளியே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. உருளைக்கு ஒரு ஆள் போதுமாம்."

"அப்ப மத்த ஆள்?"

"கடைசியா வந்தவங்கதான் முதல்ல போகணும். குன்வோருக்கு அப்புறம் வந்தவ நீதானே. சட்டம் நான் எழுதல, தில்டா."

"நீ எதைத்தான் எழுதினே, ஹோகன்?"

மேலாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், அந்த நாட்டில் அதற்கு மட்டும் குறைச்சலில்லை. பெர்னிலா ஆறுதல் சொல்லும் குரலில், "உங்க வேகத்தை வச்சுத்தான் கணக்கே போட்டேன். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது தில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை போதும். அந்தத் தோளைப் பற்றி இப்போதே சொன்னால் குன்வோர் போவாள், இவள் இருப்பாள். எதிரே குன்வோர் இடது கையால் கேக்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. தில்டா காப்பியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில் குன்வோர் பின்னாலேயே வந்தாள்.

"நான் போய்ச் சொல்லிடட்டுமாடீ?"

"சொல்றவளா இருந்தா அங்கேயே சொல்லியிருப்பே."

குன்வோர் வலது தோளைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"விடு. ரெண்டு வருஷம்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டு" என்றாள் தில்டா. எரிச்சல் அவள் மேலா, தன் மேலா, அந்தக் கடிகாரத்தின் மேலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கடைசி நாளன்று தன் அலமாரிச் சாவியை ஒப்படைக்க ஹோகனின் அறைக்குப் போனாள். அவன் அறைக் கண்ணாடி வழியே உருளை தெரியும். குன்வோர் தனியாக நின்றாள். அவளுக்குப் பின்னால் ஈரத்துணி வண்டிகள் வாசல்வரை வரிசை கட்டி நின்றன. ஒரு முனையை இடது கையால் மாட்டிவிட்டு மறுபக்கம் ஓடினாள். அதற்குள் உருளை விரிப்பைக் கோணலாக இழுத்துச் சுருட்டி நின்றுவிட்டது.

"பழகிடுவா" என்றான் ஹோகன், சாவியை மேசை இழுப்பறையில் போட்டபடி.

தில்டா கண்ணாடி வழியே பார்த்தாள். குன்வோர் சுருண்ட துணியை உருவி எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு ஒரு முனையை இடது கையில் பிடித்து, மறுமுனையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கொக்கியை நோக்கிக் குதிகாலை உயர்த்தினாள்.