ஞானப்பிரகாசியார் சுமந்த ஆள்

வந்திருந்தவர்கள்: ஞானப்பிரகாசம், கோயில் தர்மசபையின் தலைவர், கூட்டம் நடந்த வீடும் அவருடையதே, சவரிமுத்து, தபால்காரர், இஞ்ஞாசி, ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. வெளியே வேலியோரம் நின்ற மருதமுத்துவின் பெயரை யாரும் எழுதவில்லை. அவர் இந்து. சபைக்காரர் அல்ல, சபையிடம் உதவி கேட்டு வந்தவர்.

காஜா பெராங், 1957 ஜூன். ஞாயிறு பூசை முடிந்து கூடியிருந்தார்கள். முதலில் ஓர் அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரம் வாசிப்பது வழக்கம். இரண்டு நாளுக்கு முன்தான் ஞானப்பிரகாசியார் திருநாள். தன் பெயர்கொண்ட புனிதர் என்பதால் தலைவரே வாசித்தார். ரோமாபுரியில் கொள்ளைநோய். தெருவில் கிடந்த நோயாளி ஒருவனை ஞானப்பிரகாசியார் முதுகில் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நோய் அவரையும் பிடித்தது. இருபத்து மூன்று வயதில் செத்தார்.

தலைவர் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்தது மருதமுத்துவின் விஷயம். காசநோய் வார்டிலிருந்து நேற்று அனுப்பிவிட்டார்கள். ஆறிவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். பக்கத்திலுள்ள தெங்கேராவில் மருதமுத்து இருந்த வாடகை அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. புக்கிட் ரம்பாயில் இருக்கும் அவர் தம்பி கதவைத் திறக்கவில்லை. இன்றைக்குப் படுக்க ஓர் இடம் வேண்டும்.

“கடுதாசி இருமாது. ஆள் இருமுவான்,” என்றார் சவரிமுத்து.

“அண்ணே, உங்க பின்பக்க ரூம் காலியாத்தானே கிடக்கு?” என்று இஞ்ஞாசி தலைவரைக் கேட்டான்.

“எனக்குப் பிள்ளைங்க இருக்குப்பா. ஞானப்பிரகாசியாருக்கு இருந்துச்சா?”

“நீ ஒண்டிக்கட்டை தானே. நீயே கூட்டிட்டுப் போயேன் லா,” என்று சவரிமுத்து சிரித்தார்.

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. அவன் அறையில் ஒரே கட்டில். இரவில் அது காலிதான். அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் தலைவரைக் கேட்டிருந்தான். அவன் எழுந்து வெளியே போய், மருதமுத்துவைத் தன்னோடு வரச் சொன்னான்.

மருதமுத்து பெட்டியோடு பத்தடி தள்ளியே பின்னால் வந்தார். இஞ்ஞாசி நின்றால் அவரும் நின்றார்.

“நான் தரையில படுத்துக்கிறேன் தம்பி,” என்றார், அறையைப் பார்த்ததும்.

“வேணாம். நான் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா காலையில ஆறுக்குத்தான் வருவேன். ராத்திரி நீங்க படுங்க. பகல்ல நான் தூங்கணும்.”

“பகல்ல நான் எங்க போறது?”

“தெரியல. பாசார்ல ஏதாவது கடையோரமா போய் உக்காருங்க.”

மருதமுத்து தலையாட்டினார்.

வேலைக்குக் கிளம்பும்போது இஞ்ஞாசி தன் தட்டையும் தம்ளரையும் துணியில் சுற்றிப் பையில் வைத்தான். மருதமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா?”

“ஆமா.”

“என் தம்பி பயமில்லன்னுதான் சொன்னான். ஜன்னல் வழியா.”

இருப்பது ஒரே சாவி. ஒன்பது வருஷமாகத் தினமும் இந்நேரத்தில் வெளியே நின்று அவனே பூட்டுவான். இன்று சாவியை மேசைமேல் வைத்தான்.

“உள்ளேயிருந்து பூட்டிக்குங்க. காலையில வந்து தட்டுறேன்.”

“தட்டுங்க. திறக்கிறேன்.”

படியிறங்கியபோது கை பழக்கத்தில் சட்டைப்பையைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாவி உள்ளேயிருந்து ஒரு சுற்றுத் திரும்பியது.